குளிர்காலத்தில் ஏரிக்கரைக்கு வரும் விருந்தாளிகள்



ஒவ்வொரு வருடமும் மார்கழி, தை மாதங்களில் மருத்துவ உதவி கேட்டு நமது அலுவலகத்திற்கு வருபவர்களிடம் ஒரே பேச்சைக் கேட்கிறேன். "குளிரா இருக்கு பாய், வாக்கிங்கை நிறுத்திட்டேன். சுகர் ஏறிப்போச்சு" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நானும் மாத்திரை சாப்பிடுகிறவன்தான். டாக்டர் தினம் நாற்பது நிமிடம் நடக்கச் சொன்னார். நாலு நாள் நடந்தேன், ஐந்தாம் நாள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். ஒரு நோக்கமும் இல்லாமல் ரோட்டில் போய்த் திரும்பி வருவது எனக்கு ஒத்துவரவில்லை.

அரையாண்டு விடுமுறைக்கு வந்திருந்த என் மகள் வயிற்றுப் பேரன்தான் இதை மாற்றினான். கையிலிருந்த போனைப் பிடுங்கி வைத்துவிட்டு அவனை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தவன், கரையில் நின்று, "நானா, அந்தக் குருவி ஏன் வாலை ஆட்டிக்கிட்டே இருக்கு?" என்று கேட்டான். ஐம்பது வயதுக்கு மேலும் எனக்குப் பதில் தெரியவில்லை. பெயரே வாலாட்டி என்பதும், வாலாட்டிகளில் சில வகைகள் இமயமலைப் பக்கமிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் குளிர்காலத்துக்கு மட்டும் நம் ஊருக்கு வருகின்றன என்பதும் பிறகுதான் தெரிந்தது. வாலை ஏன் ஆட்டுகிறது என்பதற்கு ஆராய்ச்சியாளர்களே இன்னும் பல காரணங்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பேரனுக்கு அது பெரிய சந்தோஷம்.

பறவை பார்ப்பதைக் குளிர்காலத்தில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. வடக்கே மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் நிலமும் நீரும் உறையும்போது பூச்சியும் புழுவும் கிடைக்காது. அந்தச் சமயத்தில் இங்கே வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரி குளங்களில் தண்ணீர் நிற்கும், வயல்களில் பூச்சிகள் இருக்கும். எனவே செப்டம்பர், அக்டோபரில் வரத் தொடங்கும் பறவைகள் மார்ச், ஏப்ரலில்தான் திரும்பிப் போகின்றன. கரண்ட் கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலான், வேலி முள்ளில் தனியாக அமர்ந்து கரகரவென்று கத்தும் பழுப்புக் கீச்சான், சோளக்காட்டில் கூட்டமாக இறங்கும் சூறைக்குருவி எல்லாம் அப்படி வருபவைதான். சூறைக்குருவி பார்க்க மைனா மாதிரி இருக்கும், உடம்பு இளஞ்சிவப்பு, தலையும் இறக்கையும் கறுப்பு. மாலையில் அவை அடையப் போகும்போது ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் திரும்புவதைப் பார்த்தால் வீட்டுக்கு வரத் தோன்றாது.

நமது சமுதாயத்தில் இந்த விஷயத்தைப் பேசும்போது சலீம் அலியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1896 நவம்பர் 12 அன்று பம்பாயில், ஒரு போஹ்ரா முஸ்லிம் குடும்பத்தில் பத்தாவது கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர். ஒரு வயதில் தகப்பனாரையும் மூன்று வயதில் தாயாரையும் இழந்த எத்தீம். தாய்மாமன் அமீருத்தீன் தையாப்ஜி வளர்த்தார். மாமா கொடுத்த ஏர்கன்னால் சிட்டுக்குருவிகளைச் சுடுவது பையனின் விளையாட்டு. ஒரு நாள் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் கறை போல ஒரு திட்டு இருந்தது. வழக்கமான குருவியாகத் தெரியவில்லையே, இதைச் சாப்பிடுவது ஹலாலா என்று சந்தேகம் வந்தது. மாமாவுக்கும் அது என்ன பறவை என்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளராக இருந்த மில்லர்டு என்ற ஆங்கிலேயருக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார். மில்லர்டு அதை மஞ்சள்தொண்டைச் சிட்டு என்று அடையாளம் சொன்னதோடு, அலமாரிகளைத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். சலீம் அலியின் பறவையியல் பயணமே அந்த ஒரு ஹலால்-ஹராம் சந்தேகத்தில் தொடங்கியது என்று நான் சொன்னால் மிகையாகாது.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. எகிப்தின் இமாம் தமீரீ எழுதிய 'ஹயாத்துல் ஹயவான்' நூல் உயிரினங்களை அகரவரிசையில் எடுத்து, ஒவ்வொன்றின் பெயரையும் குணத்தையும் சொல்லி, அதை உண்பது கூடுமா என்ற சட்டத்தையும் சொல்கிறது. ஓதிய காலத்தில் அந்தச் சட்டப் பகுதியை மட்டும் புரட்டிவிட்டு மூடியவன் நான்.

சலீம் அலியிடம் எனக்குப் பிடித்த பகுதி பட்டமும் பரிசும் இல்லை. விலங்கியலில் பல்கலைக்கழகப் பட்டம் அவரிடம் இல்லை. ஜெர்மனி சென்று பயிற்சி பெற்று 1930ல் திரும்பினால், இருந்த வேலையும் பணப் பற்றாக்குறையால் எடுக்கப்பட்டிருந்தது. கடற்கரை ஓரம் கிஹிம் என்ற ஊரில் போய்த் தங்கினார். வேலையில்லாத அந்த நாட்களில் வீட்டருகே இருந்த தூக்கணாங்குருவிக் கூடுகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டிவிட்டுக் காத்திருக்கும், பெண் வந்து பார்த்துப் பிடித்தால்தான் மீதியைக் கட்டும், பிறகு அதே ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும் என்பதை அங்கே கண்டறிந்தார். 1941ல் வந்த இவருடைய இந்தியப் பறவைகள் பற்றிய புத்தகம் இன்றும் விற்கிறது. 1976ல் பத்மவிபூஷண் கிடைத்தது. கோயம்புத்தூர் ஆனைகட்டியில் இருக்கும் பறவையியல் ஆய்வு மையத்துக்கு இவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் நம் பிள்ளைகளிடம் அந்தக் கிஹிம் கதையைத்தான் சொல்வேன்.

இனி எப்படித் தொடங்குவது என்று பார்ப்போம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். டிசம்பர், ஜனவரியில் நம் பகுதியில் சூரியன் உதிக்க ஆறரை மணிக்கு மேலாகிறது. ஃபஜ்ர் தொழுதுவிட்டு ஒரு டீ குடித்துக் கிளம்பினால் சரியாக இருக்கும். முதல் ஒன்றரை மணி நேரத்தில்தான் பறவைகள் சுறுசுறுப்பாக இரை தேடும். நிறத்தை முதலில் பார்க்காதீர்கள், வெளிச்சம் ஏமாற்றும். சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா என்று பாருங்கள். பிறகு அலகு, வால், உட்கார்ந்திருக்கும் இடம், என்ன செய்கிறது என்பது. தர்மபுரி டவுனில் இருப்பவர்களுக்கு ராமக்காள் ஏரி இருக்கிறது. மற்ற ஊர்களில் ஊர் ஏரி, வாய்க்கால், வயல் வரப்பு எதுவும் போதும். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் இருப்பவர்கள் காட்டு ஓரத்துக்கு மட்டும் போக வேண்டாம். அது யானை நடமாடும் பகுதி, வனத்துறை அனுமதியும் தேவை.

பெண்கள் வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை. மாடியில் அகலமான மண் தட்டில் தண்ணீர் வைத்து, தினம் கழுவி மாற்றினால் ஒரு வாரத்தில் வந்துவிடும். என் மனைவி போர்வை காயப்போடப் போன இடத்தில் நான் பார்க்காத ஒரு பறவையைப் பார்த்துவிட்டார். இரண்டு வருடங்களாக அதைச் சொல்லிக் காட்டுகிறார். கொண்டலாத்தி, அதாவது சுலைமான் நபியின் (அலை) வரலாற்றில் வரும் ஹுத்ஹுத். நம் ஊர்ப் புல்வெளிகளில் சாதாரணமாக இரை தேடும் பறவை அது.

போனைப் பிடுங்கினேன் என்று சொன்னேன் அல்லவா, இப்போது நானே கொடுத்துவிடுகிறேன். மெர்லின் என்ற இலவசச் செயலி பறவையின் குரலைக் கேட்டுப் பெயரை ஊகித்துச் சொல்கிறது. அதை அப்படியே நம்பிவிடாமல் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். ஈபேர்டு என்ற தளத்தில் பார்த்ததைப் பதியலாம். 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் பார்த்து, கண்ட பறவைகளையும் எண்ணிக்கையையும் பதிந்தால் போதும். பள்ளிப் பிள்ளைகளும் கலந்துகொள்ளலாம்.

கொஞ்சம் கசப்பான விஷயத்தையும் எழுதியாக வேண்டும். குளிர்காலம் வந்தால் காட்டுக் காடை, கவுதாரி வாங்கிச் சமைக்கும் பழக்கமும், கூண்டில் பச்சைக்கிளி வளர்க்கும் பழக்கமும் நம் வீடுகளில் உண்டு. இரண்டுமே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், சிறைத் தண்டனை வரை போகலாம். பண்ணையில் வளரும் ஜப்பானியக் காடைக்கு இந்தத் தடை இல்லை. "அபூ உமைர் என்ற சிறுவரிடம் குருவி இருந்ததே, நபி (ஸல்) அவர்கள் அதைப் பற்றி அன்போடு விசாரித்தார்களே" என்று ஒரு சகோதரர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. அந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபது பாடங்களை எடுத்து ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் தனி நூலே எழுதியிருக்கிறார். பறவை வளர்ப்பது கூடும் என்பதும் உலமாக்கள் அதிலிருந்து எடுத்த சட்டம்தான். ஆனால் குஞ்சுகளை எடுத்து வந்தபோது தாய்ப் பறவை தவித்ததைக் கண்டு, திருப்பி வைக்கச் சொன்ன ஹதீஸும் அபூதாவூதில் இருக்கிறது. சந்தையில் விற்கும் கிளிக்குஞ்சு பனைமரப் பொந்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். சிறு வயதில் கவட்டையால் நான் அடித்த மைனாக்களின் கணக்கு எனக்கு நினைவிருப்பதால், அந்தச் சகோதரரிடம் குரலை உயர்த்த முடியவில்லை. இப்போது கிளி வைத்திருப்பவர்கள் தாங்களாகத் திறந்துவிடாமல் வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைப்பது நல்லது. கூண்டிலேயே வளர்ந்தது வெளியே பிழைக்காது.

நமது டிரஸ்ட் அலுவலகத்தில் ஒரு பைனாகுலர் வாங்கி வைத்திருக்கிறோம். வேண்டுவோர் நோட்டில் கையெழுத்திட்டு ஒரு வாரத்துக்கு எடுத்துச் செல்லலாம். பனியில் நனைந்தால் துடைத்து உலர்த்தி வையுங்கள், ஈரத்தோடு உறையில் போட்டால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். அதன் வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கண் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபஜ்ருக்குப் பிறகு நான் ஏரிக்கரையில்தான் இருப்பேன், இன்ஷா அல்லாஹ்.