வெட்டின பழப் பெட்டியில ஸ்டிக்கர் இல்லை

2023 நவம்பர். எங்கட வீட்டு ஃபிரிட்ஜுக்குள் கடையில் வாங்கின வெட்டின பழம் ஒரு பெட்டி இருந்தது. கன்டலூப், வத்தகப்பழம், அன்னாசி, மேலே நாலு திராட்சை. மூன்று வயது மகளின் டேகேர் சாப்பாட்டுக்கும், கடினமானதைக் கடிக்க முடியாத மாமிக்கும் என்று வாங்கினது. அந்தக் கிழமைதான் கன்டலூப் பழங்களைத் திரும்பப் பெறுகிறோம் என்று செய்தி வந்தது. 'மலிச்சிடா', 'ரூடி' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் சாப்பிட வேண்டாமாம். நான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஸ்டிக்கர் தோலோட எப்பவோ போயிட்டுது.

"காசு குடுத்து வாங்கினதை எறியிறதோ?" என்று மாமி கேட்டா. எறிந்தோம். எந்தப் பழம் என்று தெரியாவிட்டால் எறியச் சொல்லித்தான் சுகாதார அதிகாரிகளும் சொன்னார்கள்.

அது மெக்சிக்கோவில் இருந்து வந்த பழத்தில் பரவின சால்மொனெல்லா. கனடாவில் ஆய்வுகூடத்தில் உறுதியானவர்கள் மட்டும் 190 பேர், இறந்தவர்கள் 9 பேர். அமெரிக்காவில் 407 பேருக்கு நோய், 6 மரணம். கனடாவில் நோய்ப்பட்டவர்களில் பெரும்பாலானோர் ஒன்றில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், இல்லாட்டி 65 வயதைத் தாண்டியவர்கள். நாங்கள் யாருக்காக அந்தப் பெட்டியை வாங்கினோமோ, அவர்களேதான்.

ஏன் கன்டலூப்? அதன் தோலைத் தடவிப் பாருங்கோ, வலை பின்னின மாதிரி இருக்கும். மண்ணில் கிடந்து வளரும் பழம். அந்த இடுக்குகளில் கிருமி ஒட்டினால் லேசில் போகாது. கத்தி தோலை வெட்டி உள்ளே இறங்கும்போது கிருமியும் கூடவே சதைக்குள் இறங்கும். உள்ளே இனிப்பு, ஈரம். புளிப்பு மிகக் குறைவு. கிருமிக்கு வேறென்ன வேணும்? எங்கட பப்பாப்பழமும் புளிப்பில்லாத சாதிதான். 2017இல் அமெரிக்காவில் மெக்சிக்கோப் பப்பாப்பழத்தாலும் சால்மொனெல்லா பரவியது. உப்பும் மிளகாய்த்தூளும் போட்டால் கிருமி சாகும் என்று நம்பி இருக்காதேங்கோ. அது வாய்க்கு ருசி, அவ்வளவுதான்.

சால்மொனெல்லாவைக் குளிர் அடக்கி வைக்கும். லிஸ்டீரியா அப்படியில்லை, ஃபிரிட்ஜுக்குள்ளும் மெல்ல மெல்லப் பெருகும். 2011இல் கொலராடோக் கன்டலூப்பால் 33 பேர் இறந்தது லிஸ்டீரியாவால். 2018இல் அவுஸ்திரேலியாவில் 7 பேர் இறந்தார்கள், ஒரு கர்ப்பம் கலைந்தது. கர்ப்பிணிக்கு லேசான காய்ச்சல், உடம்பு நோவு என்றுதான் தெரியும். பாதிப்பு வயிற்றுப் பிள்ளைக்கு. சாப்பிட்டுச் சில கிழமைகள் கழித்தும் வரலாம் என்பதால், பழத்தை யாரும் நினைப்பதே இல்லை. டொக்டரிடம் அதையும் சொல்லுங்கோ.

இப்ப நாங்கள் முழுப் பழமாகத்தான் வாங்குகிறோம். தோல் உரிக்கிற பழம்தானே, ஏன் கழுவ வேணும் என்று நானும் முந்தி நினைச்சனான். ஓடுகிற தண்ணீரில் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, பேப்பர் டவலால் துடைத்த பிறகுதான் கத்தி வைக்கிறது. சோப் வேண்டாம், தோல் அதை உறிஞ்சும். கோழி வெட்டின பலகை பக்கத்திலேயே வரக்கூடாது. வெட்டினதை உடனே ஃபிரிட்ஜில், 4 பாகைக்குக் கீழே. வெளியே இரண்டு மணித்தியாலம் இருந்தால் குப்பைக்கு. 32 பாகைக்கு மேல் வெயில் அடிக்கிற பிக்னிக்கில் ஒரு மணித்தியாலம்தான். பள்ளிக்கூட லஞ்ச் பையில் ஐஸ் பேக் கட்டாயம். அவசரத்துக்கு வெட்டினதையே வாங்க வேண்டி வந்தால், நன்றாகக் குளிரூட்டின தட்டில் இருக்கிறதை மட்டும் எடுங்கோ.

எனக்கு இன்னும் பயம் எங்கட ஹோல் விழாக்கள்தான். கார்டில் ஆறு மணி என்று போட்டிருக்கும். கேக் வெட்ட ஒன்பது ஆகும். வத்தகப்பழத்தில் அன்னம் செதுக்கி வைத்த தட்டு வாசலடியில் அதுவரைக்கும் இருக்கும், பிள்ளைகள் ஓடி ஓடி வந்து எடுப்பார்கள். போன மாதம் ஒரு பிறந்தநாளில், ஆறு மாதக் கர்ப்பிணியான என் மச்சாளுக்கு யாரோ அன்பாய் ஒரு கோப்பை நிறையப் போட்டுக் கொடுத்தார்கள். நான் போய் ஒரு வாழைப்பழத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு அந்தக் கோப்பையை வாங்கிக்கொண்டு வந்தேன்.