இன்ஜின் பவரைக் கூட்டும் முன் தொப்பூரை நினையுங்கள்!

"வீட்டிலேயே காரின் இன்ஜின் பவரைக் கூட்டலாமா?" கார் பைத்தியம் பிடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது.

பதிலைத் தொப்பூர் கணவாய் சொல்லும். தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில், விபத்துகளுக்குப் பேர்போன இறக்கம் அது. அங்கே உயிரைக் காப்பது பவர் அல்ல, பிரேக்! வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்க நான்கு மடங்கு தூரம் வேண்டும். இன்ஜினை மட்டும் மாற்றிவிட்டு பிரேக், டயர், சஸ்பென்ஷனைப் பழையபடி விட்டால் ஆபத்துதான்.

சட்டமும் சும்மா விடாது. சட்டம் அனுமதிக்காத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸிலும் சிக்கல் வரலாம்.

கோவை கரிவரதன், மாருதி 800 இன்ஜினை வைத்தே 'ஃபார்முலா மாருதி' ரேஸ் கார்களை உருவாக்கினார். ஆனால், அவை சீறியது ரேஸ் டிராக்கில். இன்று செட்டிப்பாளையத்தில் அவர் பெயரிலேயே 'கரி மோட்டார் ஸ்பீட்வே' இருக்கிறது.

வீட்டில் ஏர் ஃபில்டரையும் டயர் காற்றையும் கவனியுங்கள். தொப்பூரில் நியூட்ரலைத் தவிர்த்து, குறைந்த கியரில் இறங்குங்கள். வேக ஆசையை டிராக்கில் தீர்த்துக்கொள்ளலாம்!