தள்ளாமையும் தசையும்

வயது எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர் தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் குனிந்தால், மகனோ மருமகளோ ஓடிவந்து, "உங்களுக்கு எதற்கு இந்த வேலை? பேசாமல் உட்காருங்கள்" என்று அதை வாங்கிக்கொள்வது நம் வீடுகளில் மரியாதையின் லட்சணமாகவே கருதப்பட்டு வருகிறது. அன்பினால் செய்யப்படும் இக்காரியம் பெரியவரின் தேகத்துக்கு உபகாரந்தானா என்று யோசிக்க வைக்கும் பரிசோதனை ஒன்று 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்திலிருந்து வெளிவந்தது.

மரியா ஃபியாடரோன் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும், முதியோர் இல்லம் ஒன்றில் வசித்த, 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேரை வாரத்துக்கு மூன்று முறை வீதம் எட்டு வாரம், முழங்காலை நீட்டிப் பளுவைத் தூக்கச் செய்தார்கள். அந்தப் பளுவும் அற்பமானதன்று. அவரவர் ஒரே ஒரு தடவை தூக்கக்கூடிய உச்ச எடையில் 80 சதவீதம் வரை அது உயர்த்தப்பட்டது. பயிற்சியைப் பூர்த்தி செய்த ஒன்பது பேரின் கால் பலம் சராசரி 174 சதவீதம் அதிகரித்தது. அவர்களில் இருவர் அதுவரை ஊன்றி நடந்த கைத்தடியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

இதில் ஆச்சரியம் ஒன்று உண்டு. தொடைத் தசையின் அளவு பெருகியது சுமார் 9 சதவீதமே. அப்படியிருக்க, பலம் மட்டும் மும்மடங்கை நெருங்கியது எங்ஙனம்? தசை தானாக இயங்குவதில்லை. நரம்பின் ஆணைக்குக் கட்டுப்பட்டே இயங்குகிறது. நெடுநாள் உபயோகமின்றி உறங்கிக் கிடந்த தசை நார்களை ஒருசேர எழுப்பி வேலை வாங்கும் சாமர்த்தியத்தை நரம்பு மண்டலம் முதலில் மீட்டுக்கொள்கிறது. தசை பருப்பது அதன் பின்னால் நிதானமாக நடக்கிறது.

வயது ஏற ஏறத் தசை க்ஷீணிப்பது இயற்கையே. இதற்கு 1989-இல் இர்வின் ரோசன்பெர்க் என்ற அறிஞர், சதையின் வறுமை என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு 'சார்கோபீனியா' என்று பெயரிட்டார். வேகமாகச் சுருங்கும் நார்களே இதில் அதிகம் நலிகின்றன. கால் இடறும் கணத்தில் உடலைத் தாங்கிப் பிடிப்பவை அவையே என்பதால்தான் முதுமையில் ஒரு சிறு தடுமாற்றம் இடுப்பெலும்பு முறிவில் போய் முடிகிறது.

நல்ல ஆகாரம் மட்டும் இதைத் தடுக்காதா என்றால், அதே ஆராய்ச்சிக் குழு 1994-இல் நூறு முதியவர்களிடம் நடத்திய சோதனையில், பயிற்சி பெற்றவர்களின் பலம் இரட்டிப்புக்கு மேல் உயர, பயிற்சியின்றிச் சத்துணவு மாத்திரம் பெற்றவர்களிடம் அத்தகைய பிரயோஜனம் காணப்படவில்லை. புரதம் அவசியந்தான், ஆனால் வேலை செய்யாத தசை அதை ஏற்றுக் கட்டிக்கொள்வதில்லை.

ஆயுளைப் பற்றிச் சற்று அடக்கமாகவே பேச வேண்டும். இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில் நடந்து 2015-இல் வெளியான ஆராய்ச்சியில், கைப்பிடியின் பலம் 5 கிலோ குறையுந்தோறும் மரண அபாயம் 16 சதவீதம் அதிகமாக இருந்தது. பலவீனமே மரணத்துக்குக் காரணம் என்று இதனால் நிரூபணமாகிவிடாது; நோயே பலவீனத்தைக் கொணர்ந்திருக்கவும் கூடும். ஆயினும், பிறர் கைகொடுக்காமல் எழுந்து நடமாடும் சக்தி ஆயுளின் நீளத்துக்கு எவ்வகையிலும் குறைந்த பேறன்று.

வாரத்தில் இரண்டு நாளேனும் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும், முதியவர்களுக்கு மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. இருதய நோயோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் வைத்தியரைக் கலந்துகொண்டு தொடங்குவதும், பளுவைத் தூக்கும்போது மூச்சை அடக்காதிருப்பதும் உசிதம். கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து அமர்வதே நல்ல ஆரம்பம். அது சுலபமாகிவிட்டால் கையில் சிறு எடையைச் சேர்த்துக்கொள்ளலாம். சுலபமானதும் சுமையைக் கூட்டுவதே இவ்வித்தையின் சூட்சுமம்.

ஆகவே, அடுத்த முறை பெரியவர் குனியும்போது குடத்தைப் பிடுங்காமல், அதில் பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு அவரிடமே கொடுப்போம். அடுத்த மாதம் முக்கால் குடம் கேட்பார்.