ஈயச் சொம்பும் ஈயக் குழாயும்

ரசம் என்றால் ஈயச் சொம்பில் வைத்த ரசம்தான் என்று அடித்துச் சொல்லும் பாட்டிகள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். "ஈயம் விஷம் என்கிறார்களே, பாட்டி?" என்று பேத்தி கேட்டுவிட்டால் போதும், வந்தது வினை! உண்மையில் இருவர் சொல்வதும் சரிதான். ஒரே பெயரை இரண்டு உலோகங்களுக்கு வைத்துவிட்டதால் வந்த வம்பு இது. சொம்பு செய்வதும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயம். விஷமாவது காரீயம். (வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்து விற்கும் கெட்டிக்காரர்களும் உண்டு. ஆகையால் சொம்பை நம்பிக்கையான கடையிலேயே வாங்குங்கள்.)

பழைய ரோமாபுரியில் தண்ணீர்க் குழாய்களையே காரீயத்தால் செய்தார்கள். லத்தீனில் அதற்குப் 'பிளம்பம்' என்று பெயர். நம் வீட்டுக்கு வரும் பிளம்பர் அந்தப் பெயரைத்தான் இன்றும் சுமக்கிறார். அமெரிக்காவில் பல ஊர்களில் அத்தகைய குழாய்கள் இன்னும் பூமிக்கடியில் கிடக்கின்றன. 2014-ல் பிளின்ட் என்ற நகரில், செலவைக் குறைப்பதற்காக வேறோர் ஆற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள். குழாயை அரிக்காமல் காக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. தண்ணீர் மாறியதும் பழைய குழாயிலிருந்த ஈயம் கரைந்து, குழந்தைகளின் இரத்தத்தில் ஏறிவிட்டது.

"நல்லவேளை, தாம்பரத்தில் ஈயக் குழாய் இல்லை!" என்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் சிட்லபாக்கத்திலும் வீடு கட்டியவர்கள் முன்பு ஜி.ஐ. பைப் போட்டார்கள், பிறகு பி.வி.சி. வந்தது. பி.வி.சி.யைச் சூட்டில் உருக்கி வார்க்கும்போது அது கெட்டுப்போகாமல் இருக்க ஒரு பொருளைச் சேர்ப்பார்கள். நம் நாட்டில் வெகுகாலம் மலிவான ஈய உப்புக்களையே அதற்கு உபயோகித்தார்கள். 2021-ல்தான் மத்திய அரசு இதற்கு விதி வகுத்தது. அதற்கு முன் போட்ட குழாய்கள் நம் சுவர்களுக்குள் பத்திரமாக இருக்கின்றன! புதிதில்தான் ஈயம் அதிகம் கசியும். நாளாக ஆகக் குறையும் என்பது ஓர் ஆறுதல். பித்தளை டேப்பிலும், கடைசலுக்கு வசதியாக இருக்கட்டுமென்று கொஞ்சம் ஈயம் சேர்ப்பது வழக்கம்.

நம் பக்கத்தில் ஒரே வீட்டுக்குப் போர் தண்ணீர், லாரித் தண்ணீர், குழாய்த் தண்ணீர் எல்லாம் வருகின்றன. எல்லாம் ஒரே சம்ப்பில் விழுந்து, மாடித் தொட்டிக்கு ஏறி, வெயிலில் காயும் பைப் வழியாக இறங்குகின்றன. தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டது, வாஸ்தவம். ஆனாலும் சம்ப்பிலிருந்து சமையலறைவரை உள்ள குழாய்க்கு நீங்கள்தான் மேயர்!

இதில் முக்கியமாகக் கவலைப்பட வேண்டியது குழந்தைகளுக்காக. சென்னையில் 3 முதல் 7 வயதுவரையுள்ள 750-க்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்த ஆராய்ச்சி ஒன்று 2009-ல் வெளிவந்தது. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் சராசரி 11 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. அதிகம் இருந்த குழந்தைகளுக்குக் கவனம் நிலைக்கவில்லை. 5 இருந்தாலே அது எங்கிருந்து வந்ததென்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஈயம் எல்லாம் குழாயிலிருந்து வந்ததல்ல. பெட்ரோல் புகைக்கும் பெயிண்டுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. பெட்ரோலில் ஈயம் சேர்ப்பதை 2000-ல் நிறுத்திவிட்டார்கள். குழாயை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"கொதிக்க வைத்துத்தானே குடிக்கிறோம்?" என்பீர்கள். கொதித்தால் கிருமி சாகும், ஈயம் சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். வாசலில் வந்து பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரை முக்கிக் காட்டும் விற்பனைக்காரரையும் நம்பவேண்டாம். நம் நாட்டுத் தரப்படி ஒரு லிட்டர் குடிநீரில் இருக்கக்கூடிய ஈயம் 0.01 மில்லிகிராம்தான். நூற்றுக்கணக்கில் அளக்கும் அந்தப் பேனாவுக்கு அது எங்கே தெரியப்போகிறது? ஒழுங்காகப் பராமரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் ஈயத்தைப் பெரும்பாலும் பிடித்துவிடும்.

இராத்திரி முழுவதும் குழாயில் தங்கிய தண்ணீரைக் காலையில் காப்பிக்கோ, குழந்தையின் பாலுக்கோ பிடிக்காதீர்கள். முதல் வாளியைத் தனியே பிடித்துப் பாத்திரம் தேய்க்கவும் செடிகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கோடையில் தண்ணீரைக் கீழே கொட்டச் சொன்னால் யார் கேட்பார்கள்! கீசர் தண்ணீரில் சமைப்பதும் வேண்டாம். புது பைப் போடும்போது, ஈயம் சேராதது என்று அச்சிட்டதாகக் கேட்டு வாங்குங்கள்.

சந்தேகம் இருந்தால், அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக் கூடத்தில், "ஈயம் பார்க்கவேண்டும்" என்று தனியாகச் சொல்லிக் கொடுங்கள். காலையில் முதல் தண்ணீர் ஒரு பாட்டில்; ஐந்து நிமிஷம் ஓடவிட்டபின் இன்னொரு பாட்டில். முதலாவதில் மட்டும் அதிகமென்றால், சமையலறை டேப்பையும் அதை ஒட்டிய பைப்பையும் மாற்றிப் பாருங்கள். இரண்டிலும் அதிகமென்றால், பிளம்பரை அழைத்துக்கொண்டு மாடித் தொட்டிவரை ஏறவேண்டியதுதான்.