வீட்டு கேக் விளம்பரமும் சட்டமும்

வீட்டிலேயே கேக் செய்து விற்பவரும் இந்தியச் சட்டப்படி உணவு வணிகரே. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டப்படி பதிவு செய்து 14 இலக்க எண் வாங்கிய பிறகே வாட்ஸ்அப்பிலோ இன்ஸ்டாகிராமிலோ ஆர்டர் கேட்க வேண்டும்.

பலர் சறுக்குவது விளம்பர வாசகத்தில்தான். மைதா கலந்த கேக்கை ‘முழுக் கோதுமை’ என்பதோ, நாட்டுச்சர்க்கரை கேக் ‘நீரிழிவைக் குணமாக்கும்’ என்பதோ வெறும் மிகையல்ல, சட்டமீறல். அதே சட்டத்தின் 53-ஆம் பிரிவின்படி அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம். முட்டை சேர்த்த கேக்குக்குச் சைவ உணவைக் குறிக்கும் பச்சைப் புள்ளி போடக்கூடாது; நம்பி வாங்கும் சைவக் குடும்பத்துக்கு அது துரோகம்.

அடுத்தவர் எடுத்த கேக் படத்தைத் தன் கைவேலை என்று பதிவிடுவது பதிப்புரிமையை மீறுவது. பிறந்தநாள் கேக்கில் சோட்டா பீம் போன்ற கார்ட்டூன் பாத்திரத்தின் உருவத்தை வைத்து விற்கவும் உரிமையாளரின் அனுமதி தேவை.