பாறையோடு 17 வருடப் போராட்டம்... மனைவியோடு 66 வருட வாழ்க்கை! - எரிவாயு உலகைப் புரட்டிப்போட்ட ஜார்ஜ் மிட்செல்

உலகிலேயே அதிக இயற்கை எரிவாயு எடுக்கும் நாடு இன்று அமெரிக்கா. 2000-களின் தொடக்கத்தில் நிலைமை வேறு. உள்நாட்டு வயல்கள் வற்றுகின்றன, இனி வெளிநாட்டிலிருந்து கப்பலில்தான் எரிவாயு கொண்டுவர வேண்டும் என்று அங்கே கவலையோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கவலையைத் தலைகீழாக மாற்றியவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஜார்ஜ் மிட்செல். பெட்ரோலியப் பொறியாளர், 10 பிள்ளைகளின் அப்பா, 94 வயது வரை வாழ்ந்தவர்.

சம்பளப் பட்டியலில் மாறிய பெயர்

ஜார்ஜின் அப்பா கிரேக்க நாட்டில் ஆடு மேய்த்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. 1901-ல் பிழைப்பு தேடி அமெரிக்கா வந்து, ரயில் பாதை போடும் வேலையில் சேர்ந்தார். அவர் பெயர் சவ்வாஸ் பரஸ்கெவோபூலோஸ். சம்பளம் கொடுப்பவருக்கு அந்தப் பெயரை எழுதி மாளவில்லை. ‘இனி என் பெயரையே வைத்துக்கொள்’ என்று தன் பெயரான மைக் மிட்செலைக் கொடுத்துவிட்டார். குடும்பத்துக்கே அதுதான் பெயராக நிலைத்தது.

டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் தீவில் துணி தேய்த்துக் கொடுத்தும், ஷூ பாலிஷ் போட்டும் அந்தக் குடும்பம் பிழைத்தது. ஜார்ஜ் பிறந்தது 1919-ல். மகனை டாக்டராக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. ஆனால், ஜார்ஜுக்கு 13 வயதானபோது அம்மா இறந்துபோனார்.

பள்ளி முடித்த விடுமுறையில் அண்ணனோடு லூசியானா எண்ணெய் வயலில் வேலை பார்த்தார் ஜார்ஜ். மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்ற கேள்வி அங்கேதான் அவரைப் பிடித்துக்கொண்டது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் கல்லூரியில் பெட்ரோலியப் பொறியியல் சேர்ந்தார். ஃபீஸ் கட்ட வழியில்லை. விடுதியில் பரிமாறினார், மிட்டாய் விற்றார். காதலிக்குக் கடிதம் எழுதத் துடிக்கும் மாணவர்களுக்கு, பொன்னெழுத்து பொறித்த கடிதத்தாள் விற்றுக் காசு பார்த்தார். 1940-ல் வகுப்பிலேயே முதல் மாணவராக வெளியே வந்தார்.

ரயிலில் கிடைத்த துணை

கால்பந்துப் போட்டி பார்த்துவிட்டு ஹூஸ்டனுக்கு ரயிலில் திரும்பியபோது அறிமுகமானவர் சிந்தியா. 1943-ல் திருமணம். மூன்று மகள்கள், ஏழு மகன்கள் என வீடு நிறைந்தது.

போர் முடிந்ததும் அண்ணனோடு சேர்ந்து சொந்தமாகத் தொழில் தொடங்கினார். 1952-ல், குதிரைப் பந்தயச் சூதாட்டத் தரகர் ஒருவர் மூலம் ஒரு நிலத்தைப் பற்றித் துப்பு வந்தது. துளையிட்டவர்கள் பலரும் பணத்தைத் தொலைத்ததால் எண்ணெய்க்காரர்கள் ‘கல்லறை’ என்றே கூப்பிட்ட இடம் அது. மிட்செல் நிலவியல் வரைபடங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அங்கே அடுத்தடுத்து 13 கிணறுகளிலும் வெற்றி!

கல்லுக்குள் தேரை

சிகாகோ நகருக்குக் குழாய் வழியே எரிவாயு அனுப்ப அவர் நிறுவனம் ஒப்பந்தம் போட்டிருந்தது. 1980-கள் நெருங்கியபோது பழைய கிணறுகள் வற்றத் தொடங்கின. அதே நிலத்துக்கு அடியில், சுமார் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் ‘பார்னெட் ஷேல்’ என்ற பாறை அடுக்கு இருந்தது. சேறு இறுகி உண்டான பாறை. அதற்குள் எரிவாயு இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால், கல்லுக்குள் தேரை மாதிரி அது உள்ளேயே அடைபட்டுக் கிடந்தது. வெளியே வர வழியில்லை.

திரவத்தை அதிக அழுத்தத்தில் செலுத்திப் பாறையில் விரிசல் உண்டாக்கும் முறை 1940-களிலேயே வந்துவிட்டது. அதை இந்தப் பாறைக்கு ஏற்றபடி மாற்றுவதுதான் சிக்கல். 1981-ல் முதல் கிணறு தோண்டினார். வாயு வந்தது, செலவுக்குக் கட்டவில்லை. வருடங்கள் ஓடின. ‘பணம் வீணாகிறது, விட்டுவிடலாம்’ என்று கம்பெனிக்குள்ளேயே பேச்சு எழுந்தது. மிட்செல் விடவில்லை.

அவரிடம் வேலை பார்த்த நிக் ஸ்டெய்ன்ஸ்பெர்கர் என்ற இளம் பொறியாளர், விலை அதிகமான கெட்டிக் கூழைக் குறைத்து, பெரும்பாலும் தண்ணீரையும் கொஞ்சம் மணலையும் வைத்து முயன்றார். தண்ணீர் விரிசலைத் திறக்கும். மணல் அது மூடிக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்கும். 1998-ல் பலன் கிடைத்தது. செலவு குறைந்தது, வாயு கொட்டியது. மிட்செலுக்கு அப்போது வயது 79. 2002-ல் அவர் நிறுவனத்தை டெவன் எனர்ஜி 300 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது.

மரங்களை விட்டுவைத்த ஊர்

பூமியைத் துளைத்துச் சம்பாதித்தவர், பூமியைக் காப்பதிலும் கவனம் வைத்தார். 1974-ல் ஹூஸ்டனுக்கு வடக்கே ‘தி உட்லண்ட்ஸ்’ என்ற நகரைத் தொடங்கினார். காட்டை மொட்டையடிக்காமல், மழைநீர் இயல்பாக ஓடும் பாதைகளை மறிக்காமல் கட்டிய ஊர். இன்று அங்கே ஒரு லட்சம் பேருக்கு மேல் வசிக்கிறார்கள். பிறந்த ஊரான கால்வெஸ்டனில் இடியும் நிலையில் இருந்த பழைய கட்டடங்களை சிந்தியாவும் அவரும் சேர்ந்து மீட்டெடுத்தார்கள்.

அந்த சிந்தியாவுக்கு முதுமையில் அல்சைமர் நோய் வந்தது. ஒவ்வொரு நினைவாக அழிந்துகொண்டே போகும் கொடுமை. கோடிகள் இருந்தும் அதை நிறுத்த வழியில்லை. கால்வெஸ்டன் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இத்தகைய நோய்களை ஆராயும் மையம் ஒன்று இன்று இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. 2009-ல், 87 வயதில் சிந்தியா காலமானார். 66 வருடத் தாம்பத்தியம்.

முடியாத விவாதம்

மிட்செல் திறந்த வழியில் நன்மை, தீமை இரண்டுமே வந்தன. அமெரிக்காவில் எரிவாயு விலை குறைந்தது, நிலக்கரிப் பயன்பாடு சரிந்தது. இன்னொரு பக்கம், நிலத்தடி நீர் கெடுகிறது, மீத்தேன் கசிந்து புவி வெப்பம் கூடுகிறது என்ற குற்றச்சாட்டுகள் எழுந்தன. தமிழ்நாட்டிலும் இந்தப் பயம் புதிதல்ல. நெடுவாசலில் மக்கள் போராடினார்கள். 2020-ல் காவிரி டெல்டாவுக்காகக் கொண்டுவரப்பட்ட பாதுகாப்புச் சட்டம், புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களோடு ஷேல் எரிவாயுவையும் சேர்த்தே தடை செய்தது.

மிட்செல் இந்தக் கேள்விகளை ஒதுக்கித் தள்ளவில்லை. இறப்பதற்கு முந்தைய வருடம், நியூயார்க் மேயராக இருந்த மைக்கேல் ப்ளூம்பெர்குடன் சேர்ந்து பத்திரிகையில் எழுதினார். பயன்படுத்தும் ரசாயனங்களை நிறுவனங்கள் வெளியில் சொல்ல வேண்டும், கிணறு கட்டுவதற்குக் கடுமையான விதிகள் வேண்டும், தண்ணீர்ச் செலவையும் மீத்தேன் கசிவையும் குறைக்க வேண்டும் என்று கேட்டார். தன் தொழிலுக்கே கடிவாளம் போடச் சொன்னபோது அவருக்கு வயது 93.

2013 ஜூலை 26 அன்று, பிறந்த ஊரான கால்வெஸ்டனிலேயே அவர் உயிர் பிரிந்தது. செல்வத்தின் பெரும்பகுதியை அறப்பணிகளுக்கே ஒதுக்கியிருந்தார். அவர் வழியில் இன்றும் கிணறுகள் தோண்டப்படுகின்றன. அவர் கேட்ட விதிகள் போதுமான அளவு வந்துவிட்டனவா என்ற விவாதமும் இன்னும் ஓயவில்லை.