அம்மம்மாவின் சீனி பார்க்கிற மெஷின்

பாமன்கடையிலும் வெள்ளவத்தையிலும் உள்ள அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் மருந்துப் பெட்டிக்குள் சீனி பார்க்கிற மெஷின் ஒன்று இருக்கும். காலைத் தேத்தண்ணிக்கு முன்னர் அம்மம்மா விரலில் குத்திப் பார்த்து, இலக்கத்தைக் கொப்பியில் எழுதி வைப்பார். அதே வீட்டில் மூன்று வயதுப் பேரப்பிள்ளை ஒரு கிழமையாக ஓயாமல் தண்ணீர் கேட்டாலும், அந்த மெஷினைப் பிள்ளைக்கு வைத்துப் பார்ப்போம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. சீனி வருத்தம் வயதுபோனவர்களுக்கு உரியது என்ற எண்ணம் நம்மிடையே அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணத்தால் பிள்ளைகளின் உயிர் போகிறது.

பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் வேறொரு நோய். அம்மம்மாவின் உடலில் இன்சுலின் சுரக்கிறது. ஆனால் அது போதியபடி வேலை செய்வதில்லை. பிள்ளையின் சதையியிலோ இன்சுலினைச் சுரக்கும் பீட்டா கலங்களை உடம்பின் நோயெதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. இதுதான் முதலாம் வகை நீரிழிவு. டொஃபி தின்றதால் இது வருவதில்லை, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் இல்லை. பரம்பரையில் எவருக்கும் இல்லாத வீட்டிலும் வரும். தாயைக் குறை சொல்ல இதில் எதுவுமே இல்லை. பெரியவர்களின் வருத்தம் ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும். பிள்ளையின் வருத்தம் அறிகுறி தெரிந்து சில கிழமைகளுக்குள், மிகச் சின்னப் பிள்ளை என்றால் சில நாட்களுக்குள்ளேயே, உயிராபத்தில் கொண்டுபோய் விடும்.

இன்சுலின் இல்லாதபோது குளுக்கோசு தசைக்குள் போக வழியின்றி இரத்தத்திலேயே தேங்குகிறது. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் அது ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டியதும் சிறுநீரகத்தால் பிடித்து வைக்க முடியாமல் சலத்தோடு வெளியேறும். போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் அடிக்கடி சலம் போகிறது, அதனால்தான் அடங்காத விடாய். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாததால் பிள்ளை மெலிகிறது, சோர்ந்து சோர்ந்து படுக்கிறது.

பேசத் தெரிந்த பிள்ளை வாய்விட்டுச் சொல்லும். சின்னப் பிள்ளையில் வீட்டார்தான் கவனிக்க வேண்டும். இரவுக்கு ஒரு பம்பர்ஸ் போதுமாயிருந்த குழந்தைக்கு நடுச்சாமத்திலேயே அது நிரம்பி வழியும். கழற்றிக் கையில் எடுத்தால் பாரம் தெரியும். படுக்கை நனைப்பதை விட்டு மாதக்கணக்கான பிள்ளை திரும்பவும் நனைக்கத் தொடங்கும். தயவுசெய்து அதற்காகப் பிள்ளையை ஏசாதீர்கள். குளியலறைத் தரையிலோ கழற்றிப் போட்ட உள்ளாடையிலோ எறும்பு மொய்த்தால் அதை அசட்டை செய்யவும் வேண்டாம். பெண்பிள்ளைகளுக்குச் சலம் போகும் இடத்தில் பூஞ்சணப் புண் வந்து, மருந்து பூசியும் திரும்பத் திரும்ப வரலாம். நேர்சரிச் சட்டை தொளதொளத்துப் போகும். வளர்த்தியில் மெலிகிறது என்பார்கள், பூச்சி மருந்து கொடுப்பார்கள், கண்ணூறு கழிப்பார்கள். இவற்றுக்குள் அந்தச் சில கிழமைகள் கரைந்துவிடும்.

அடுத்த கட்டம் வேகமானது. சீனியைப் பயன்படுத்த முடியாத உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதிலிருந்து வரும் கீற்றோன்கள் இரத்தத்தை அமிலமாக்கும். பிள்ளை வாந்தி எடுக்கும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும். மூச்சில் பழ வாடை, அல்லது கியூடெக்ஸ் அழிக்கிற திரவத்தின் வாடை வீசலாம். அமிலத்தை மூச்சின் வழியே வெளியேற்ற உடம்பு பாடுபடுவதால் சுவாசம் ஆழமாகவும் வேகமாகவும் மாறும். ஜெர்மன் வைத்தியர் அடொல்ஃப் குஸ்மால் 1874இல் விவரித்த இந்தச் சுவாசத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். கட்டிலில் அசையாமல் கிடக்கும் பிள்ளையின் நெஞ்சு, மாடிப்படி ஏறி ஓடிவந்த பிள்ளையுடையதைப் போல ஏறி இறங்கும். ஆனால் இழுப்புச் சத்தம் கேட்காது. இதை வீசிங் என்று எண்ணி நெபுலைசர் பிடிக்கக் கொண்டு ஓடும் பெற்றோர் உண்டு.

கொழும்பில் இன்னொரு திரையும் உண்டு. மழைக்காலத்தில் பிள்ளை சுருண்டு படுத்தால் முதலில் நினைவுக்கு வருவது டெங்கு. எஃப்.பி.சி. எடுத்து பிளேற்லெற் எண்ணிக்கையைப் பார்க்கிறோம். அந்தப் பரிசோதனையில் சீனியின் அளவு இருக்காது. நீர்ச்சத்து குறையக் கூடாது என்று தோடம்பழ ஜூஸ், செவ்விளநீர், குளுக்கோசு கரைத்த தண்ணீர் என்று மாறி மாறிப் பருக்குகிறோம். டெங்குக்கு நீராகாரம் சரிதான். நீரிழிவுப் பிள்ளைக்கோ அந்த இனிப்பின் ஒவ்வொரு வாயும் சீனியை மேலும் ஏற்றிவிடும். பிரித்தறிய ஒரு வழி உண்டு. வாந்தியாலோ வயிற்றோட்டத்தாலோ வறண்ட பிள்ளைக்குச் சலம் குறைந்துவிடும். நாக்கு வறண்டு, கண் குழி விழுந்திருந்தும் பம்பர்ஸ் நனைந்துகொண்டே இருந்தால் அந்தக் கணக்கு எங்கோ பிழைக்கிறது. சீனி பார்க்க வேண்டிய நேரம் அதுதான்.

இனி அந்த மெஷினைப் பார்ப்போம். அதில் செருகும் பரிசோதனைக் கீற்றின் நுனியில் நுண்ணிய தடம் ஒன்று இரத்தத்தைத் தானாகவே உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே உலர்ந்து கிடக்கும் நொதியம், பல மெஷின்களில் குளுக்கோசு ஒக்சிடேசு, இரத்தத்திலுள்ள குளுக்கோசோடு தாக்கம் புரியும்போது இலத்திரன்கள் விடுபடுகின்றன. அந்தச் சிறு மின்னோட்டத்தை அளந்துதான் திரையில் இலக்கம் வருகிறது. வேண்டிய இரத்தம் ஒரு மைக்ரோலீற்றர் அளவு. நேரம் ஐந்து செக்கன் அளவு. நொதியத்தைக் கொண்டு குளுக்கோசை மின்னால் அளக்கலாம் என்ற யோசனையை அமெரிக்கரான லீலண்ட் கிளார்க் 1962இல் முன்வைத்தார். சட்டைப்பையில் அடங்கும் கருவியாக அது வீடுகளுக்கு வந்தது 1980களின் பிற்பகுதியில்.

பிள்ளைக்குப் பார்க்கும்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தால் இலக்கம் பொய்யாக ஏறும். அம்மம்மா பாவித்த ஊசி வேண்டவே வேண்டாம், புது ஊசிதான். நுனியின் நடுவைத் தவிர்த்து விரலின் பக்கவாட்டில் குத்தினால் நோவு குறைவு. கீற்றுப் போத்தலைத் திறந்து வைத்திருந்தால் நம் கடற்காற்றின் ஈரத்தில் அது பழுதாகிவிடும், திகதியையும் பாருங்கள். அறிகுறிகளோடு 200 அல்லது அதற்கு மேல் காட்டினால் அது நீரிழிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். லண்டனிலிருந்து உறவினர் கொண்டுவந்த மெஷின் என்றால் அலகு வேறு: அங்கே 11.1 என்பதுதான் நம் 200. அதில் 25 என்று வந்தால் குறைவு என்று ஆறுதல் அடையாதீர்கள், அது நம் கணக்கில் 450. சில வேளை இலக்கமே வராமல் எச், ஐ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் மட்டும் தெரியும். மெஷின் பழுது என்று பலர் அணைத்துவிடுவார்கள். பெரும்பாலான மெஷின்களில் அதன் பொருள், சீனி 600ஐத் தாண்டிவிட்டது என்பது.

கூடிய இலக்கம் வந்தால் காலையில் வெறும்வயிற்றில் இரத்தம் கொடுக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். அம்மம்மாவின் மெட்ஃபோமின் குளிசையைப் பாதியாக்கிக் கொடுக்கவும் வேண்டாம். பாமன்கடையிலிருந்து கால்வாயைக் கடந்தால் களுபோவில ஆஸ்பத்திரி. பொரளையில் சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை. வாகனம் இல்லையென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், கட்டணம் கிடையாது. மெஷின் கைவசம் இல்லாவிட்டால் தேடி அலையாமல் நேரே போங்கள். இலக்கம் குறைவாக வந்தாலும், பிள்ளை மயங்கி மயங்கிக் கிடந்தால் போகத்தான் வேண்டும். போனதும், “பிள்ளை நிறையத் தண்ணி குடிக்குது, நிறையச் சலம் போகுது, மெலிஞ்சிட்டுது, சீனி ஒருக்கா பாருங்கோ டொக்டர்” என்று சொல்லுங்கள். வாந்தி, காய்ச்சல் என்று மட்டும் சொன்னால் வரிசையில் உள்ள மற்றப் பிள்ளைகளோடு உங்கள் பிள்ளையும் ஒன்றாகிவிடும்.

இதைப் பெற்றோருக்குச் சொல்வதால் பயன் உண்டு என்பதற்கு இத்தாலியின் பார்மா மாகாணம் சாட்சி. 1991இல் அங்கே பாடசாலைகளிலும் சிறுவர் வைத்தியர்களின் அறைகளிலும், படுக்கை நனைக்கத் தொடங்கிய பிள்ளையைக் கவனியுங்கள் என்ற செய்தியோடு சுவரொட்டிகள் ஒட்டினார்கள். அதற்கு முன்னர் புதிதாகக் கண்டறியப்பட்ட பிள்ளைகளில் 78 வீதத்தினர் இரத்தம் அமிலமான நிலையிலேயே ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் அது 12.5 வீதமாயிற்று. அதில் அந்தச் சுவரொட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. நம் நேர்சரிகளின் வாசலிலும் அதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டலாம்.

ஆஸ்பத்திரியில் சேலைனை மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். ஏன் இவ்வளவு மெதுவாக என்று பதற வேண்டாம்; இந்த நிலையில் மூளை வீங்கிவிடும் அபாயம் உண்டு என்பதால்தான் அந்த நிதானம். பிறகு இன்சுலின், கூடவே பொட்டாசியம். 1922க்கு முன்னர் இந்நோய் வந்த பிள்ளைகள் பெரும்பாலும் நெடுநாள் பிழைத்ததில்லை. அந்த ஆண்டு ஜனவரியில் டொரொன்ரோவில் 14 வயதுச் சிறுவன் லெனார்ட் தொம்சனுக்கு ஏற்றிய இன்சுலின்தான் அதை மாற்றியது. இன்று உரிய நேரத்தில் வந்த பிள்ளை சில நாட்களில் வீட்டுக்கு நடந்து போகும். முதல் மாதங்களில் இன்சுலின் தேவை வெகுவாகக் குறையவும் கூடும். அப்போது வருத்தம் மாறிவிட்டது என்று நம்பி ஊசியை நிறுத்தி, கொத்தல ஹிம்புட்டு என்ற மூலிகையின் மரக் கோப்பையில் தண்ணீர் கொடுக்கத் தொடங்கினால் பிள்ளை மீண்டும் அதே கட்டிலுக்குத்தான் வரும்.

ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு இந்நோய் வந்தால் கதை வேறு. அது அநேகமாக ஒரேயொரு மரபணுவின் கோளாறு. அத்தகைய கோளாறு ஒன்றை 2004இல் இங்கிலாந்தின் எக்செற்றர் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தக் குழந்தைகளில் பலருக்கு இன்சுலின் ஊசியை விட்டுக் குளிசைக்கு மாற முடிகிறது. ஆகவே அந்த வயதில் நோய் கண்ட குழந்தையின் பெற்றோர், மரபணுப் பரிசோதனை செய்யலாமா என்று வைத்தியரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.